டெவ்கிட் சேகரிக்க வருகிறீர்களா? சிங்கப்பூரில் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

பிளேஸ்டேஷனுக்கு விளையாட்டு உருவாக்கும் ஸ்டூடியோவில், நம் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கும் அதே பெட்டியை மட்டும் வைத்து வேலை நடப்பதில்லை. கூடுதல் நினைவகம், கூடுதல் போர்ட்டுகள், கணினியோடு பேச ஒரு தனி இணைப்பு என்று வேறொரு பெட்டி மேசைமேல் இருக்கும். கன்சோல் நிறுவனம் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கும் அந்தப் பெட்டிதான் டெவ்கிட். கன்சோலின் காலம் முடிந்ததும் பல டெவ்கிட்கள் நிறுவனத்துக்கே திரும்பிவிடும், அல்லது உடைக்கப்படும். தப்பியவை சேகரிப்பாளர்கள் கைக்கு வருகின்றன.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்பதுதான். எங்கே தேடுவது என்பதற்குப் பதில் கீழே இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. வாங்கும் முன் அந்தப் பெட்டி யார் கையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் அதற்குள் இருப்பதைப் பிரதி எடுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டால், எவ்வளவு அரிய பெட்டியாக இருந்தாலும் அதன் பாதி மதிப்பு போய்விடும்.

முதலில் வகைகளைப் பிரித்துப் பாருங்கள்

விற்பவர்கள் எல்லாவற்றையும் "டெவ்கிட்" என்றே எழுதுவார்கள். உண்மையில் நான்கு வகை உண்டு, நான்குக்கும் விலை வேறு, பயன் வேறு.

முழு டெவ்கிட் என்பது நிரல் எழுதுபவருக்கானது. கணினியிலிருந்து நிரலை அனுப்பலாம், ஓடும்போதே நிறுத்தலாம், நினைவகத்தை உள்ளே புகுந்து பார்க்கலாம். நல்ல உதாரணம் பிளேஸ்டேஷன் 2-இன் டிடிஎல்-டி10000. சேகரிப்பாளர்கள் இதை "டூல்" என்பார்கள். கடையில் விற்ற பிஎஸ்2-இல் முதன்மை நினைவகம் 32 எம்பி, இதில் 128 எம்பி. உள்ளே ஹார்டு டிஸ்க், அதில் லினக்ஸ், பின்புறம் நெட்வொர்க் போர்ட். கனமான பெரிய பெட்டி. வீவக வீட்டில் சாதாரண புத்தக அலமாரியில் ஏறாது.

இரண்டாவது, டெஸ்ட்கிட் அல்லது டீபக் யூனிட். இது விளையாட்டைச் சோதிப்பவருக்கும், பத்திரிகை விமர்சகருக்கும் போனது. வெளித்தோற்றம் கடைப் பெட்டியைப் போலவே இருக்கும். வேறுபாடு, வீட்டில் எழுதிய சிடி-ஆர் வட்டுகளையும் எந்த நாட்டு வட்டுகளையும் ஏற்கும். முதல் பிளேஸ்டேஷனின் நீலப் பெட்டியும் பச்சைப் பெட்டியும் இந்த வகை. சந்தையில் அதிகம் சுற்றுவதும் இந்த வகைதான், தொடங்குபவருக்குப் பொருந்துவதும் இதுதான்.

மூன்றாவது, முன்மாதிரி வன்பொருள். கன்சோலே இன்னும் முடிவாகாத காலத்தில் செய்து பார்த்த பெட்டி. எக்ஸ்பாக்ஸ் 360 தயாராகும் முன் ஸ்டூடியோக்களுக்கு மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஆல்ஃபா கிட்கள் ஆப்பிளின் பவர் மேக் ஜி5 கணினிகள்! புதிய கன்சோலுக்குத் திட்டமிட்ட பவர்பிசி வகைச் செயலிக்கு அப்போது கையில் கிடைத்த நெருங்கிய மாற்று அதுவே. இந்த வகையின் உச்சம், நிண்டெண்டோவும் சோனியும் கூட்டாகச் செய்யத் தொடங்கிப் பிறகு பிரிந்துபோன சூப்பர் நிண்டெண்டோ சிடி பெட்டி. ஓர் அமெரிக்க நிறுவனம் திவாலானபோது நடந்த ஏலத்தில் மற்றச் சாமான்களோடு சேர்த்து 75 டாலருக்கு ஒருவர் எடுத்த அந்தப் பெட்டி, 2020 மார்ச்சில் ஹெரிட்டேஜ் ஆக்‌ஷன்ஸ் ஏலத்தில் 360,000 அமெரிக்க டாலருக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சேகரிப்புக்குள் வருகிறவர்கள் நிறைய. அந்த மாதிரி ஒன்று உங்கள் கையில் சிக்கும் என்ற கணக்கில் பணம் போடாதீர்கள்.

நான்காவது, முன்மாதிரி விளையாட்டு. பெட்டி எதுவும் இல்லை. லேபிள் ஒட்டாத போர்டு, ஈப்ராம் சில்லுகள் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சில்லுகள்), கையால் தேதி எழுதிய சிடி-ஆர், இவ்வளவுதான். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். என்னைக் கேட்டால் நான்கிலும் முக்கியமானது இதுதான். டீபக் பெட்டி ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டிருக்கலாம். ஒரு விளையாட்டின் ஒரு குறிப்பிட்ட நாளைய வடிவம் உலகத்திலேயே அந்த ஒரு வட்டில் மட்டும் இருக்கலாம்.

காசு போடாமல் ஒரு மாதம் பழகுங்கள்

டெவ்கிட் வாங்கும் முன் ஒரு கன்சோலுக்காக நிரல் எழுதிப் பார்த்துவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பெட்டியில் எந்தப் பகுதி எதற்காக இருக்கிறது என்று புரியும்.

வீட்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன் அல்லது சீரிஸ் எஸ், எக்ஸ் இருந்தால் வேலை சுலபம். 2016 முதல் கடையில் வாங்கிய எக்ஸ்பாக்ஸையே மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் கணக்கு வழியாக டெவலப்பர் மோடுக்கு மாற்ற முடிகிறது. முழு டெவ்கிட்டின் எல்லா வசதியும் கிடைக்காது. என்றாலும் கணினியிலிருந்து கன்சோலுக்கு நிரல் அனுப்பி ஓட்டும் அனுபவம் முறைப்படியே கிடைக்கும்.

பழைய கன்சோல்மேல் ஆசை என்றால் கேம் பாய். ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளை வைத்து நிரல் தெரியாதவரும் சிறு விளையாட்டு செய்துவிடலாம். சி மொழி தெரிந்தவர் ஜிபிடிகே என்ற நிரல் கருவித்தொகுப்பின் பக்கம் போகலாம். நான் எல்லோரிடமும் சொல்லும் முதல் பயிற்சி, அந்தச் சின்னத் திரையில் தமிழை வரவழைப்பது. கேம் பாய் திரை 160-க்கு 144 புள்ளி. படம் முழுவதும் 8-க்கு 8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களால் ஆனது. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் அடங்கும். ணகரமோ ஞகரமோ அடங்காது. 16-க்கு 16 என்று நான்கு கட்டம் எடுத்துக்கொண்டால் ஒரு வரிக்குப் பத்து எழுத்து, மொத்தம் ஒன்பது வரி. சரி, 247 எழுத்துக்கும் நான்கு கட்டம் என்றால் 988 கட்டம் வேண்டும். கேம் பாயின் காட்சி நினைவகத்தில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடியது 384 தான். ஆகவே கொம்பையும் காலையும் தனிக் கட்டங்களாகப் பிரித்து வைக்க வேண்டும், உகர ஊகார வரிசைக்குத் தனி வடிவம் தர வேண்டும், அந்தந்த வசனத்துக்குத் தேவையானதை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு, டெவ்கிட்டில் ஏன் நான்கு மடங்கு நினைவகம் வைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே விளையாட்டு வெளியிடுவதுதான் நோக்கம் என்றால் பழைய பெட்டி தேடுவதை விட்டுவிடுங்கள். பிளேஸ்டேஷன் பார்ட்னர்ஸ், நிண்டெண்டோ டெவலப்பர் போர்ட்டல், ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் ஆகிய மூன்றும் அதற்கான முறையான வாசல்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கும்; அதில் கையெழுத்துப் போட்டவர் கிட்டைப் பற்றி வெளியே பேச முடியாது. சேகரிப்பாளராக எழுதுவதும், ஒப்பந்தக்காரராக வேலை செய்வதும் ஒரே ஆளுக்கு ஒத்துப்போகாமல் போகலாம் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

முதல் பெட்டி எதுவாக இருக்கலாம்

என் பரிந்துரை நெட் யரோஸ். வீட்டிலேயே நிரல் எழுதிப் பார்க்கச் சோனியே பொதுமக்களுக்கு விற்ற கருப்பு பிளேஸ்டேஷன் அது. 1996-இல் ஜப்பானிலும், 1997-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்தது. அமெரிக்க விலை சுமார் 750 டாலர். மாணவர்களும் பொழுதுபோக்காக நிரல் எழுதுபவர்களும் வாங்கினார்கள். அவர்கள் செய்த விளையாட்டுகள் பிரிட்டனின் பிளேஸ்டேஷன் பத்திரிகையோடு வந்த டெமோ வட்டுகளில் இடம்பெற்றன. இதை முதலாவதாகச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். இது வாங்கியவருக்குச் சொந்தமாக விற்கப்பட்ட பொருள். "திருட்டுப் பொருளோ?" என்ற கேள்வியே எழாது.

வாங்கும்போது பெட்டி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். கன்சோல் மட்டும் இருந்தால் அது கருப்பு நிற பிளேஸ்டேஷன், அவ்வளவுதான். மெமரி கார்டு இடத்தில் செருகும் அக்சஸ் கார்டு, பூட் வட்டு, கணினியோடு இணைக்கும் சீரியல் கேபிள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது வேலை செய்யும் நெட் யரோஸ். இன்றைய லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது, ஆகவே யுஎஸ்பி மாற்றி ஒன்றும் தேவைப்படும். சிடி-ஆர் இதில் ஓடாது; அதற்கு டீபக் யூனிட்தான் வேண்டும்.

அடுத்த இடம் முதல் பிளேஸ்டேஷனின் டீபக் யூனிட்டுக்கு. சோனி உள் போர்டை மாற்றியபோது பெட்டியின் நிறத்தையும் மாற்றியது: பழைய போர்டு நீலம், புதியது பச்சை. மூன்றாவதாக முதல் எக்ஸ்பாக்ஸின் டீபக் கிட். கடைப் பெட்டியில் 64 எம்பி, இதில் 128 எம்பி.

தொடங்குபவர் தொடக்கூடாதவையும் உண்டு. பிஎஸ் வீட்டா, பிஎஸ்4 கிட்கள் காலாவதித் தேதியோடு வருபவை. நிறுவனத்தின் அனுமதியோடு ஆக்டிவேஷனைப் புதுப்பிக்காவிட்டால் நின்றுவிடும். "வேலை செய்கிறது" என்று வாங்கியது சில மாதத்தில் திறக்காமல் போகலாம். இன்று விற்பனையில் இருக்கும் தலைமுறையின் கிட்கள், அதாவது பிஎஸ்5, சுவிட்ச், சீரிஸ் எக்ஸ், எந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம். 2019-இல் கண்டுபிடிப்பு உரிமத்துக்கான (பேட்டன்ட்) படத்தில் ஆங்கில 'வி' வடிவத்தில் வெளியான அந்த பிஎஸ்5 டெவ்கிட்டைப் பார்த்து மயங்காதவர் குறைவு. ஆனாலும் வேண்டாம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

யாருடைய பொருள் இது?

பெரும்பாலான டெவ்கிட்கள் ஒப்பந்தத்தின் பேரில் கொடுக்கப்பட்டவை. பெட்டியின் அடியில் "இது நிறுவனத்தின் சொத்து" என்ற பொருள்படும் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். ஸ்டூடியோ மூடப்பட்டு, திவால் ஏலத்தில் சாமான்கள் விற்கப்பட்டு, இருபது வருடம் கழித்து வந்து சேர்ந்த ஒரு பெட்டியைப் பற்றி எந்த நிறுவனமும் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. நடப்புத் தலைமுறைக் கிட் அப்படி அல்ல. அது யாரோ ஒருவருடைய அலுவலகத்திலிருந்து, இருக்கக்கூடாத வழியில் வெளியே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 411-ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. நம்பக் காரணம் இருந்தது என்பதே போதும் என்பதைக் கவனியுங்கள். ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருக்கிறது, வரிசை எண் சுரண்டப்பட்டிருக்கிறது, விற்பவர் "கேள்வி கேட்காதே, ரொக்கம் கொடு" என்கிறார். இவை எல்லாம் காரணங்கள்தாம். வெளிநாட்டில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு 2014-இல் அமெரிக்காவில் நான்கு பேர்மீது தொடுத்த வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்து, எக்ஸ்பாக்ஸ் ஒன் வெளிவரும் முன்பே அதன் தரவுகளைத் திருடி, போலிப் பெட்டி செய்து விற்க முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு.

உள்ளூரில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூபிசாஃப்ட் 2008 முதல் இங்கே ஸ்டூடியோ நடத்துகிறது. டிஜிபென் போன்ற கல்விக்கூடங்களும் உண்டு. அங்கே வேலை பார்க்கும் நண்பரோ உறவினரோ இருந்தால், "பழைய கிட் ஏதாவது இருக்கா அண்ணே?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். அவர் வேலைக்கே ஆபத்து. சமூக மன்றங்களில் வைத்திருக்கும் மின்கழிவுத் தொட்டிகளைக் கிளறுவதும் கூடாது.

அப்படியானால் எங்கே தேடுவது? 2017 ஜூலை 10-ஆம் தேதி சுங்கை ரோடு சந்தை மூடப்பட்ட பிறகு, தரையில் விரித்த துணியில் எதிர்பாராமல் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை முடிந்துவிட்டது. கரோசலில் தேடலாம். பொதுவாக ஜப்பானிய ஏலத் தளங்களும் ஈபேயும்தான் உண்மையான சந்தை. ஜப்பானிலிருந்து வாங்க, உங்கள் சார்பில் ஏலம் கேட்டு அனுப்பிவைக்கும் இடைநிலை நிறுவனங்கள் உண்டு. கரோசலில் வாங்கினால் நேரில் போய், பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முன்பணம் அனுப்பச் சொல்பவரிடம் சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் கேட்கலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிது: "இது உங்களிடம் எப்படி வந்தது?" நேர்மையானவர் சொல்வார். பெயர் சொல்ல விருப்பம் இல்லாவிட்டாலும், எந்த நாடு, எந்த ஆண்டு, ஸ்டூடியோ ஏலமா, பத்திரிகை அலுவலகமா என்றாவது சொல்வார். அந்தப் பதிலை எழுதி வையுங்கள். பிற்காலத்தில் அதுவே அந்தப் பெட்டியின் வரலாறு.

அசலா என்று பார்ப்பது

நிறத்தை நம்பாதீர்கள். முதல் எக்ஸ்பாக்ஸின் டீபக் கிட்கள் பல, ஒளி ஊடுருவும் பச்சைப் பெட்டியில் வந்தன. கடையில் விற்ற ஹேலோ சிறப்புப் பதிப்பும் அதே மாதிரி பச்சைதான். மேல் ஓட்டை மாற்றிவிட்டு "டெவ்கிட்" என்று விற்பது ஐந்து நிமிட வேலை. ஆகவே மூன்று படம் கேளுங்கள்: பின்புற லேபிள் தெளிவாக, கன்சோல் ஓடும்போது வரும் முதல் திரை, மூடியைத் திறந்த நிலையில் போர்டு. எக்ஸ்பாக்ஸ் என்றால் நினைவகச் சில்லுகள் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் சில்லு இருக்கிறதா என்று எண்ணுங்கள். கடைப் போர்டில் பாதி இடம் காலியாக இருக்கும்.

ஈப்ராம் சில்லுகள் பொருத்திய கார்ட்ரிட்ஜ் போர்டாக வரும் முன்மாதிரி விளையாட்டில் போலி மிக அதிகம். இணையத்தில் கிடைக்கும் கோப்பை ஒரு ஈப்ராமில் எழுதி, மேலே "சாம்பிள்" என்று லேபிள் ஒட்டிவிட்டால் முடிந்தது. இங்கே உதவுவது சில்லின்மேல் அச்சிட்ட நான்கு இலக்கத் தேதி எண். 9432 என்றால் 1994-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் தயாரானது. 1993-இல் வெளிவந்த விளையாட்டின் "முன்மாதிரி"யில் 1996-ஆம் ஆண்டுச் சில்லு இருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. தேதி பொருந்துவதால் மட்டும் அசல் என்றும் ஆகிவிடாது; பழைய சில்லு இன்றும் கிலோ கணக்கில் விற்கிறது. போர்டு எந்த நிறுவனத்தினது, லேபிளில் எழுதியவரின் கையெழுத்து ஏற்கெனவே வெளிவந்த படங்களோடு பொருந்துகிறதா, விற்பவரின் கதை நிற்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

வரவழைக்கும்போது வரி

பொருளின் விலை, காப்புறுதி, அனுப்பும் செலவு மூன்றும் சேர்ந்து 400 வெள்ளிக்கு மேல் போனால், விமானம் அல்லது அஞ்சல் வழியே வரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். 500 வெள்ளிப் பெட்டிக்கு 60 வெள்ளி அனுப்பும் செலவு என்றால், 560-க்கு 50 வெள்ளி 40 காசு. கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தையும் அதோடு சேர்க்கும். 400-க்குக் கீழே என்றால், பதிவுபெற்ற வெளிநாட்டுத் தளங்கள் பணம் வாங்கும்போதே வரியை எடுத்துக்கொள்ளும். சுங்கத் தீர்வை தனியாகக் கிடையாது; அது இங்கே மது, புகையிலை, வாகனம், எரிபொருள் ஆகியவற்றுக்குத்தான். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். அது குற்றம். பொருள் உடைந்து வந்தால் காப்புறுதியும் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும் பெட்டி என்றால், நன்றாகச் சுற்றி இரட்டைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். டூல் மாதிரிக் கனமான பெட்டியைக் கூடுதல் பணம் கொடுத்தாவது நல்ல கூரியரில் வரவழையுங்கள்.

பவர் பட்டனில் கை வைக்கும் முன்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பெட்டி வந்த மகிழ்ச்சியில் அன்றிரவே சொருகிப் பார்ப்பதால்தான் அதிகம் அழிகிறது.

முதலில் மின்னழுத்தம். நம் வீட்டில் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. பின்புற லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 100 வோல்ட் பெட்டியை இங்கே நேராகச் சொருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போகும். பயணத்துக்கு வாங்கும் பிளக் அடாப்டர் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வேண்டியது ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். ஜப்பானியப் பெட்டிக்கு 100 வோல்ட் வெளியீடு உள்ளதைக் கேளுங்கள். 110 என்று எழுதியது அமெரிக்கப் பொருளுக்கு. பெட்டி இழுக்கும் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக எடுங்கள். ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி சிம் லிம் டவர் பக்கம் போனால், மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் டிரான்ஸ்ஃபார்மர், மல்டிமீட்டர், சாலிடரிங் சாமான் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் விசாரித்துவிடலாம். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உதிரிப்பாகம் தேடுபவருக்கு டவர்தான்.

அடுத்து படம் எடுங்கள். ஆறு பக்கமும், ஒவ்வொரு ஸ்டிக்கரும், திறந்த பிறகு போர்டும். யாரோ ஒட்டிய பழுப்பேறிய தாளில் "மார்ச் பில்டு, ஒலி இல்லை" என்று பேனாவால் எழுதியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள், துடைக்காதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் போட்டு அதை அழித்துவிட்டால் மீட்க வழியே கிடையாது.

மூடியைத் திறந்ததும் கசிவைப் பாருங்கள். முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கான கெபாசிட்டர் ஒன்று உண்டு. கடைசித் திருத்தமான 1.6 போர்டு தவிர மற்றவற்றில் அது கசிந்து, சுற்றியுள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். டீபக் கிட்டிலும் இதே கதைதான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். கன்சோல் நேரத்தை மறக்கும், வேறு குறை வராது. சாலிடரிங் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அரிய போர்டில் கைப்பழக்கம் வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. ஹார்டு டிஸ்க் இருந்தால், கன்சோலை ஓட்டும் முன் அதைக் கழற்றி, முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாகப் பிரதி எடுங்கள். பழைய ஐடிஇ டிஸ்க்குக்கு யுஎஸ்பி மாற்றி போதும். எழுதவிடாமல் தடுக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்காகவே இருக்கிறது. முதலில் சுலபமாகப் படிக்கும் பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, பிறகு மோசமான பகுதிகளுக்குத் திரும்பி வரும். விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்சோலின் டிஸ்க் விண்டோஸுக்குப் புரியாது, அதனால் வரும் கேள்வி அது. அழிக்கப்பட்டதாகத் தோன்றும் பகுதிகளில்கூடப் பாதி முடிந்த விளையாட்டுகள் தங்கியிருக்கலாம். ஆகவேதான் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது, டிஸ்க் முழுவதும் வேண்டும்.

ஈப்ராம் என்றால் மேலே ஒரு சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் தரவு அழியும்; சில்லுத் தயாரிப்பாளர்களின் குறிப்புப்படி நேர் வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரம், அறையின் குழல்விளக்கில் சுமார் மூன்று ஆண்டு. சன்னல்மேல் ஒட்டிய லேபிள் உரிந்திருந்தால், ஒளி புகாத டேப்பை உடனே ஒட்டுங்கள். டிஎல்866 அல்லது டி48 போன்ற புரோகிராமர் கருவியில் மூன்று முறை படித்து, மூன்று கோப்பின் எஸ்எச்ஏ-1 மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வேறாக வந்தால் சில்லின் உலோகக் கால்களில் அழுக்கு இருக்கலாம், அல்லது சில்லு தளரத் தொடங்கியிருக்கலாம். கருவியில் தவறிப்போய் "எழுது" பட்டனைத் தொடாமல் இருக்க, படிக்கும் வேலையை அவசரம் இல்லாத ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிடி-ஆர் வட்டுகளும் அப்படித்தான். சாயம் மங்கும். முதல் வேலையாகப் பிரதி எடுத்துவிட்டு, அசலை இருட்டில் வையுங்கள். கன்சோலின் பழைய லென்ஸில் போட்டுச் சோதிப்பது பிரதியை மட்டும்.

நம் ஊர்க் காற்று

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஜப்பானிலோ இங்கிலாந்திலோ முப்பது வருடம் நன்றாக இருந்த பெட்டி, இங்கே வந்து இரண்டு வருடத்தில் போர்ட்டுகளில் பச்சை படிந்து, லேபிள்களில் பூஞ்சை பிடித்துப் போகும். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டு அலமாரிதான் இதற்கு விடை. முழுப் பெட்டி நுழையாவிட்டாலும் வட்டு, சில்லு, போர்டு, அக்சஸ் கார்டு எல்லாம் அதற்குள் போகட்டும். 45 விழுக்காடு வைத்தால் போதும். பெரிய பெட்டிக்கு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும், ஒரு சிறு ஈரப்பதமானியும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த பெட்டியை உடனே ஓட்டாதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கும். சில மணி நேரம் விடுங்கள்.

பிரதி எடுத்தாயிற்று, அப்புறம்?

எடுத்த கோப்பின் எஸ்எச்ஏ-1 மதிப்பை, நோ-இன்ட்ரோ, ரெடம்ப் போன்ற பட்டியல்களில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ஏற்கெனவே பதிவான ஒன்று. பொருந்தாவிட்டால், உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு வடிவம் இருக்கலாம்.

அதைப் பூட்டி வைத்தால் விலை ஏறும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஸ்டார் ஃபாக்ஸ் 2 கிட்டத்தட்ட முடிந்த நிலையில் தொண்ணூறுகளின் நடுவில் கைவிடப்பட்டது. முன்மாதிரிக் கோப்புகள் சேகரிப்பாளர் வட்டத்தில் சுற்றிய காலம் முழுவதும் அதன் நினைவு மறையவில்லை. 2017-இல் நிண்டெண்டோவே தன் சிறிய சூப்பர் நிண்டெண்டோ பெட்டியில் அதை முறையாக வெளியிட்டது. 2021 மார்ச்சில் ஹிடன் பேலஸ் குழு "புராஜெக்ட் டெல்யூஜ்" என்ற பெயரில் 700-க்கும் மேற்பட்ட பிஎஸ்2 முன்மாதிரிகளை ஒரே நாளில் ஆவணப்படுத்தி வெளியிட்டது. பல வருடம் யாரோ ஒருவர் வட்டுகளைக் கவனமாக வைத்திருந்ததால் நடந்தது அது.

ஆனால் காப்புரிமை உங்களுடையது அல்ல. வட்டு உங்களுடையது, உள்ளே இருக்கும் விளையாட்டு அதை உருவாக்கிய நிறுவனத்தினது. சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கோப்பைப் பொதுவெளியில் ஏற்றும் முன் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படங்கள், தேதிகள், லேபிள்கள், வெளியான விளையாட்டிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்ற குறிப்புகள் ஆகியவற்றை நீங்களே எழுதி வெளியிட எந்தத் தயக்கமும் வேண்டாம். அமெரிக்காவில் 2017-இல் தொடங்கிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட பொருள்களைப் பாதுகாப்பதையே வேலையாகச் செய்கின்றன. அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். வட்டில் ஒரு தனிமனிதரின் மின்னஞ்சலோ சம்பளக் கோப்போ இருந்தால் அதை யாருக்கும் காட்டாதீர்கள். பழைய ஸ்டூடியோ டிஸ்க்குகளில் அவையும் வரும்.

கடைசியாக ஒரு தாள் எழுதி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வையுங்கள். எப்போது, எந்த நாட்டிலிருந்து, எந்த வழியில் வந்தது, வோல்ட் எவ்வளவு, எதைக் கழற்றினீர்கள், எதை மாற்றினீர்கள், பிரதிக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் எஸ்எச்ஏ-1 என்ன. தமிழிலோ ஆங்கிலத்திலோ, உங்களுக்கு எது வசதியோ அதில் எழுதலாம். அமிலம் இல்லாத தாளும் பென்சிலும் போதும். பேனா மை இந்த ஈரத்தில் பரவும்.